குலுங்குகிற கல்

ஜூன் 4

தம்பிக்கு,

"மதிப்பிற்குரிய கனிம மன்றத் தலைவர் அவர்களுக்கு" என்று தொடங்கி "தங்கள் உண்மையுள்ள" என்று முடியும் உன் கடிதம் கிடைத்தது. ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்டவன் கூடப் பிறந்தவளுக்கு எழுதிய கடிதம்! உன் மாமா அதை வாங்கிப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, மூணு வருஷம் பேசாம இருந்ததுல உன் தம்பிக்கு உன்மேல மரியாதை வந்துருச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் அருங்காட்சியகம் எங்கள் மன்றத்தோடு கைகோத்துப் பணியாற்ற விரும்புகிறதாம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் சேர்ந்துகொள்ளுமாம். நல்லது. போன தடவை கைகோத்தபோது என்ன ஆயிற்று? நாங்கள் வெயிலில் காய்ந்து தேடிக் கொண்டுவந்த ஊதாப் படிகத்தைக் கண்காட்சிக்கு இரவல் கொடுத்தோம். பெயர்ப்பலகையில் "அருங்காட்சியகச் சேகரிப்பு" என்று போட்டீர்கள். மன்றத்தார் அத்தனை பேரும் வேன் பிடித்துப் பார்க்க வந்து, கண்ணாடிப் பெட்டி முன்னால் அசடு வழிய நின்றோம். பலகை எழுதியவன் தலைவரின் சொந்தத் தம்பி என்று தெரிந்ததும் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

இப்போது குலுங்குகிற கல்லைக் கேட்கிறாய். அதன் கதை உனக்கு அரைகுறையாகத்தான் எட்டியிருக்கும். கைவிட்ட குவாரி ஒன்றுக்குப் போயிருந்தோம். எங்கள் மன்றத்தில் பேருந்து ஓட்டும் டிரைவர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். நடக்க நடக்க 'களக் களக்' என்று சத்தம். தண்ணீர் பாட்டில்தான் என்று நினைத்து எடுத்துப் பார்த்தால் பாட்டில் காலி. கல்லை எடுத்துக் காதில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அகேட் கல். நடுவில் பொந்து, பொந்துக்குள் தண்ணீர். எரிமலைக் குழம்பு ஆறிய காலத்துக் கல் என்று நீதான் எனக்கு ஒருகாலத்தில் சொல்லிக்கொடுத்தாய். அதைத் துளைபோட்டு உள்ளிருப்பதை எடுத்துச் சோதிக்க அனுமதி வேண்டும் என்கிறாய். எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: கண்டெடுத்தவர் சொல்வதுதான் முடிவு. அண்ணனிடம் கேட்டேன். "உள்ள இருக்கறது எனக்கு முன்னாடியே இருந்துச்சு. எனக்குப் பின்னாடியும் இருக்கட்டும்மா" என்றார். எனக்கும் அதேதான். திறந்தால் தீர்ந்தது. அப்புறம் அது ஓட்டைபோட்ட ஒரு கல், அவ்வளவுதான்.

மன்றத் தலைவர்
(அக்கா என்று போட இன்னும் மனம் வரவில்லை)

ஜூன் 12

அக்கா,

எனக்கு மனம் வந்துவிட்டது, ஆகவே போட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தை அலுவலக முறையில் எழுதியதற்குக் காரணம் பயம். போன் செய்தால் எடுக்கமாட்டாய். சாதாரணமாக எழுதினால் கிழித்துப்போடுவாய். முத்திரை குத்திய கடிதத்தை மன்றத்தில் எல்லார் முன்னாலும் படித்தே ஆகவேண்டும் அல்லவா?

ஊதாப் படிகத்தின் பலகையைப் பற்றி நியாயம் பேசமாட்டேன். கண்காட்சி முடிந்த மறுமாதமே கொடுக்கல்-வாங்கல் விதியை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். இப்போது மாறியிருக்கிறது. இரவல் பொருள் யாருடையதோ அவர்கள் பெயர்தான் பலகையில் முதலில் வரும்.

கல்லைத் திறப்பது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அதை எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள்? பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றியிருப்பதாகவும், அடியில் விளக்கு வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். என்ன விளக்கு? சூடு வருமா?

அகேட்டைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அது முழுக்க மூடிய பாத்திரம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஈர மண்ணுக்குள் கிடந்தவரை உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது. உலர்ந்த அறையில், மெலிந்த சுவரோடு, சூட்டில் வைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு சின்ன உதவி செய். கல்லை எப்போதும் ஒரே நிலையில் வைத்து, உள்ளே தெரியும் காற்றுக் குமிழியின் விளிம்பைப் பென்சிலால் குறித்துவை. கொஞ்ச நாள் கழித்துப் பார். நான் சொல்வது பொய்யாக இருந்தால் எனக்குத்தான் முதல் சந்தோஷம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூன் 20

தம்பி,

பூச்சாண்டி காட்டுகிறாய். பல் சொத்தை என்று சொல்லிப் பயமுறுத்துவது என் தொழில், அது எனக்குத் தெரியாதா?

எங்கள் மன்றம் கூடுகிற நூலகத்தின் பின்கட்டு அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்கமாட்டாய். ஜன்னல் திரையை இழுத்துவிடுவோம். கல்லுக்கு அடியில் விளக்கைப் போடுவோம். உருளைக்கிழங்கு தேனாக மாறும். டிரைவர் அண்ணன் மெல்லச் சாய்ப்பார். தேனுக்குள் குமிழி ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகரும், கொத்தனாரின் ரசமட்டத்தில் நகர்கிற மாதிரி. அவ்வளவுதான். அதற்கே அறையில் மூச்சுச் சத்தம் நின்றுவிடும். என் நாற்காலியில் வாயைத் திறக்க அரைமணி நேரம் அடம்பிடிக்கிற போலீஸ்காரர் ஒருவர் இங்கே திறந்த வாயை மூடாமல் நின்றார். காதில் வைத்துக் கேட்டு அழுதவர்கள் உண்டு. ஏன் அழுகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நானும் கேட்டேன். நாள் முழுக்க வாயும் எச்சிலும் தண்ணீருமாகப் பிழைக்கிறவள் நான். தண்ணீர்ச் சத்தம் எனக்குப் புதிதா? ஆனால் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் முதுகில் சிலிர்த்தது. யாரும் குடிக்காதது, யாரும் கால் நனைக்காதது, இவ்வளவு காலம் இருட்டில் இருந்துவிட்டு என் காதோரம் வந்து குலுங்குகிறது.

கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. மன்றத்துக்கு இப்படி ஒரு காலம் வந்ததே இல்லை. இதைப் போய் ஓட்டை போடச் சொல்கிறாயே.

பென்சில் கோடு எல்லாம் போடமுடியாது. மெருகு கெட்டுப்போகும்.

அக்கா

ஜூலை 9

தம்பி,

போட்டேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதிய மறுநாளே போட்டேன். செயற்கைப் பல்லில் அடையாளம் வைக்கிற ஊதாப் பென்சில் இருக்கிறதே, அதால் குமிழியின் ஓரத்தைக் குறித்தேன். உன் வாயை அடைக்கத்தான். நேற்று ஞாயிறு. விளக்கைப் போட்டதும் பார்த்தேன். குமிழி பெருத்து என் கோட்டைத் தாண்டிவிட்டது.

கல்லை மாற்றி வைத்தேன், திருப்பி வைத்தேன். எப்படி வைத்தாலும் தாண்டித்தான் இருக்கிறது. அப்போதுதான் டிரைவர் அண்ணன், "கொஞ்ச நாளாவே சத்தம் மாறிடுச்சும்மா. முன்ன கனமா இருந்துச்சு, இப்ப கலகலன்னு இருக்கு. எனக்குத்தான் காது கோளாறுன்னு நெனச்சேன்" என்றார்.

எல்லாருக்கும் தெரியட்டும் என்று நாங்கள்தான் சுவரைத் தேய்த்து மெல்லிசாக்கினோம். குமிழி பளிச்சென்று தெரியவேண்டும் என்று பெரிய விளக்காக மாற்றியவளும் நான்தான். எத்தனை பேர் வந்து வாய்பிளந்து நின்றார்களோ, அத்தனை பேருக்காகவும் அதைக் காய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறோம். ஆசையாகப் பார்த்தே தீர்த்துக்கொண்டிருந்தோம், தம்பி.

இப்போது என்ன செய்வது? சீக்கிரம் எழுது. இல்லை, போன் செய். எடுக்கிறேன்.

அக்கா

ஜூலை 15

அக்கா,

போனில் சொன்னதை முறையாகவும் எழுதிவிடுகிறேன், மன்றத்தில் படிக்க உதவும்.

ஈரத்துணியில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில், குளிர்ச்சியான இடத்தில் வைத்திருப்பது சரி. அது வேகத்தைக் குறைக்கும். ஆனால் நுண்துளை வழியாகத் துணியின் தண்ணீர் உள்ளே போகவும் வாய்ப்பிருக்கிறது. அப்படிக் கலந்துவிட்டால் உள்ளே இருப்பது பழைய தண்ணீர் அல்ல. ஆக, காயவிட்டால் போய்விடும். ஈரத்தில் வைத்தால் மாறிவிடும். எதையும் செய்யாமல் பத்திரப்படுத்துகிற வழி ஒன்று இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திறந்தால் என்ன கிடைக்கும் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. சோதனை செய்யப்போகிற பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்து அம்மாவும் கொடுக்கமாட்டார். "ஒன்னும் தெரியாமகூடப் போகலாம், அதைச் சொல்லியே கேளுங்க" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். டிரைவர் அண்ணனிடம் இந்த வரியை அப்படியே வாசித்துக்காட்டு.

ஒப்பந்தத்தின் சாரம் இது. கல் என்றைக்கும் மன்றத்துடையது. தண்ணீரும் மன்றத்துடையது. சோதனைக்குப் பிறகு மிஞ்சுவது ஆய்வுக்கூடக் குழாயில் உங்கள் பெயரில் இருக்கும். நாங்கள் இரவல் வாங்குகிறவர்கள் மட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை. எங்களிடம் கல் அறுக்கும் இயந்திரங்கள் எல்லாம் முரட்டு இயந்திரங்கள். எல்லாம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்கிறவை. இந்தக் கல்லில் ஒரு சொட்டு வெளித்தண்ணீர் பட்டாலும் போச்சு. உலர்வாக, சூடேறாமல், ஊசி நுழைகிற அளவுக்கு மட்டும் துளைக்க வேண்டும். அப்படித் துளைக்கிற கை யாரிடம் இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்து அம்மா கேட்டார். என் அக்கா பல் மருத்துவர் என்று சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

கேட்டுவிட்டேன்.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பி,

மன்றம் கூடியது. கடிதத்தை வாசித்தேன். "ஒன்னும் தெரியாமகூடப் போகலாம்" என்ற இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை வாசித்தேன்.

மன்றம் இரண்டாகிவிட்டது. மன்றச் செயலாளர் அம்மாள் எழுந்து, இருக்கிறவரை இருக்கட்டும், நாமே துளை போடுவதைவிடத் தானாகக் காய்வது மேல் என்றார். எனக்கும் பாதி மனம் அப்படித்தான் சொன்னது. கடைசியில் எல்லாரும் டிரைவர் அண்ணனைப் பார்த்தோம். அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு பேசஞ்சர் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் வந்துட்டான். எறங்கற எடத்துல அவன் யாருன்னு ஒரு வார்த்தை கேக்காம அனுப்பறது தப்பும்மா. கேட்டுப் பாத்துருவோம். சொல்லலேன்னா போகட்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

கையைப் பற்றி எழுதியிருந்தாய். என் கை நடுங்காது என்று உனக்கு யார் சொன்னது? பல்லில் தப்பு நடந்தால் பக்கத்துப் பல் இருக்கிறது. இதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? தண்ணீர் இல்லாத வெறும் அகேட் துண்டுகளை வாங்கி இராப்பகலாக ஓட்டை போட்டுப் பழகுகிறேன். விரிசல் விட்டவை ஒரு வாளி நிறைய இருக்கின்றன.

செய்கிறேன். ஆனால் நீ வரவேண்டும். அருங்காட்சியகத்து ஆளாக வா, தம்பியாக வா, எப்படியோ வா. என் வீட்டு வாசற்படி உனக்கு மறந்திருந்தால் மாமா ரயிலடிக்கு வருவார்.

அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடும். கல்லின் தண்ணீர் இருக்கிற சோதனைக்குழாய்ப் பெட்டி மடியில் இருக்கிறது. எதிர் இருக்கைக்காரர் "டிபனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

நேரில் சொல்ல வராததை எழுதிவிடுகிறேன். உன் கிளினிக்கை நான் இதுவரை பார்த்ததே இல்லை. நோயாளி தலை வைக்கிற இடத்தில் பஞ்சு அணைத்து அந்தக் கல்லை வைத்தாய். சூடு வராத விளக்கை இழுத்தாய். முகமூடி போட்டாய். குனிந்து, பழக்க தோஷத்தில், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்று கல்லைப் பார்த்துச் சொன்னாய். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அது உன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அது சொல்லவேண்டியது என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தோன்றியது.

தொட்டாய், எடுத்தாய். தொட்டாய், எடுத்தாய். ஒவ்வொரு தடவையும் கல்லில் விரல் வைத்துச் சூடு பார்த்தாய். உன் கை நடுங்கவில்லை, அக்கா. கடைசி இழையளவு சுவர் மிஞ்சியபோது இயந்திரத்தை வைத்துவிட்டு, துளைமேல் ஒட்டிய ரப்பர் மூடிக்குள் ஊசியை விட்டுக் கையாலேயே அழுத்தினாய். 'டிக்' என்றது. சின்னச் சத்தம், ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கேட்டது. அந்தச் சுவர் மூடிய நாளிலிருந்து அதற்குள் யாரும் நுழைந்ததில்லை. என் அக்கா நுழைந்தாள்.

பிறகு தண்ணீர் ஏறியது. இரண்டு தேக்கரண்டிகூடத் தேறாது. நிறமில்லை, மணமில்லை, குழாயில் வைத்துப் பார்த்தால் வெறும் தண்ணீர். அதைப் பார்த்து நான்கு பெரிய மனிதர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றோம். டிரைவர் அண்ணன் தொப்பியைக் கழற்றினார், கவனித்தாயா?

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பஸ்ஸுல குலுங்காம கொண்டு போங்க" என்றார். இத்தனை ஞாயிறும் குலுங்கியதற்கு இது ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ரயிலில்தான் போகிறேன் என்றேன். நிம்மதியானார்.

வாசலில் நீ முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாய். கோபமா, அழுகையா என்று மாமாவிடம் கேட்டேன். "ரெண்டும்தான், நீ கிளம்பு" என்றார்.

தம்பி

செப்டம்பர் 30

தம்பி,

ரெண்டும்தான்.

கல் நூலக அறைக்குத் திரும்பிவிட்டது. இப்போது குலுக்கினால் ஒன்றும் கேட்பதில்லை. தெரிந்தும் ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் எடுத்துக் காதில் வைக்கிறார். பிறகு திரும்ப வைக்கிறார். செயலாளர் அம்மாள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "கல்லைக் கொன்னுட்டீங்க" என்று போன வாரம் ஒரு ஆசிரியர் முகத்துக்கு நேரே சொன்னார். கூட்டமும் குறைந்துவிட்டது. அது பரவாயில்லை. நானே அந்தக் கல்லைப் பார்க்காமல் சுற்றிப் போகிறேன், அதுதான் தாங்கவில்லை. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

டிரைவர் அண்ணன் மட்டும் மாறாமல் வருகிறார். "என்ன சொல்லுது?" என்று கேட்கிறார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற உறவுக்காரரை விசாரிப்பது போல. இன்னும் ஒன்றும் இல்லை என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் உடனே எழுதிவிடு. இழுத்தடிக்காதே.

அக்கா

நவம்பர் 18

அக்கா,

தெரிந்துவிட்டது. இரண்டு தடவை கிழித்துப்போட்டு மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

அது மழை.

ஆய்வுக்கூடத்து அம்மா எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். எல்லாத் தண்ணீரும் ஒன்று போல் இல்லை. தண்ணீரிலேயே சற்றுக் கனமானது உண்டு, லேசானது உண்டு. கடல் தண்ணீரில் ஒரு விகிதம், மழையில் ஒரு விகிதம், குளிர்காலத்து மழையில் இன்னொரு விகிதம். இந்தத் தண்ணீர் எரிமலையோடு வந்தது அல்ல. கல் உருவான பிறகு எப்போதோ, அந்தக் குவாரி இருக்கும் மேட்டின்மேல் மழையாகப் பெய்து, மண்ணில் இறங்கி, கல்லின் நுண்துளை வழியே உள்ளே போயிருக்கிறது. இன்று அங்கே பெய்கிற மழையைவிட லேசானது. அப்படியென்றால் இப்போது இருப்பதைவிடக் குளிரான காலத்து மழை. நம் தலைமுறையில், அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு, பெய்த மழை எதிலும் இருக்கவேண்டிய ஒரு அடையாளம் இதில் துளியும் இல்லை. எவ்வளவு பழையது? அதைத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. மனிதர்கள் வருவதற்கு முன்பு என்று அந்த அம்மா நினைக்கிறார். எழுதித்தரச் சொன்னால் மறுக்கிறார். "நெனக்கறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுலதான் எங்க வேலை இருக்கு" என்றார்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் காயும்போது லேசானது முதலில் பறந்துபோகும், கனமானது தங்கும். இந்தத் தண்ணீர் சமீபத்தில் சூட்டில் கொஞ்சம் காய்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. விளக்கைப் பற்றிச் சொன்னேன். அதைக் கழித்துக் கணக்குப் போட்ட பிறகுதான் மழை தெரிந்தது. ஆக, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தத் தண்ணீரில் பதிவாகியிருக்கின்றன, அக்கா. பெய்த குளிரும் அதில் இருக்கிறது, நீங்கள் கூடிநின்று பார்த்ததும் அதில் இருக்கிறது.

அவர் போனை வைத்த பிறகு நான் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு மழை என்றேன். குடை வேண்டுமா என்று கேட்டார்.

தம்பி

நவம்பர் 26

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். வருவதாக இல்லாதவர்களும் வந்திருந்தார்கள், செயலாளர் அம்மாள் போன் செய்து கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

வாசித்து முடித்தேன். டிரைவர் அண்ணன்தான் பின்வரிசையிலிருந்து, "அந்த மழைல யாரு நனைஞ்சாங்க?" என்றார்.

யாரும் இல்லை அண்ணே, அப்போது மனிதர்களே இல்லை என்றுதான் நினைக்கிறார்களாம் என்றேன்.

"ஒருத்தர்கூட இல்லையா?"

இல்லை.

"அப்ப அது பேஞ்சதே யாருக்கும் தெரியாதா?"

தெரியாது என்றேன். ஒரு மேட்டின்மேல் குளிராக மழை கொட்டியிருக்கிறது. ஒதுங்க ஒரு ஆள் இல்லை. 'மழை' என்று சொல்ல ஒரு வாய் இல்லை. பெய்து நின்றுவிட்டது. அதைப் பற்றி முதன்முதலாகப் பேசுகிறவர்கள், நூலகத்தின் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாங்கள்தான். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, கேட்டோம்" என்றார்.

திறந்தால் தீர்ந்துவிடும் என்று பயந்தேனே, தம்பி. கல்லை எடுத்தேன். காலியாகத்தான் இருந்தது. ஆனால் கையில் வைத்திருக்கவே பயமாக இருந்தது, அவ்வளவு பெரிதாகிவிட்டது எனக்கு. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். ஒருவரும் காதில் வைக்கவில்லை. இரண்டு கையிலும் வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து, கொடுத்தார்கள். கூட்டம் முடிந்தது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். யாரும் கிளம்பவில்லை.

அக்கா